பொதுப் பாகக் கோப்பு ஒழுங்கமைப்பு

கணினிவழி வடிவமைப்பில் (கேட்) ஓர் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனிக் கோப்பாக வரையப்படுகிறது. அந்த உறுப்புகளைப் பொருத்திக் காட்டும் கோப்பு அசெம்பிளி எனப்படும். ஒரே புஷ், ஒரே பெயாரிங், ஒரே போல்ட் பல அசெம்பிளிகளில் இடம்பெறும்போது அதன் கோப்பை எங்கே வைப்பது, எப்படிப் பெயரிடுவது, யார் எப்போது மாற்றலாம் என்று வகுத்துக்கொள்ளும் முறையே பொதுப் பாகக் கோப்பு ஒழுங்கமைப்பு. பெரிய நிறுவனங்களில் இந்த வேலையைத் தரவு முகாமைத்துவ மென்பொருள் (பிடிஎம்) செய்கிறது. இரண்டு மூன்று பேர் வரையும் பட்டறைகளில் கோப்புறை, பெயர், பதிவேடு ஆகிய மூன்றையும் மட்டுமே வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. உதாரணங்கள் இலங்கையின் ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தவைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

களம்

கொஸ்லந்த, பதுளை மாவட்டத்தில் அல்தும்முல்லைப் பிரதேச செயலகப் பிரிவில், பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் உள்ள சிற்றூர். 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சி இதற்கு அருகில் உள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மேலே அப்புத்தளைப் பக்கத்தில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்னைத் தொழிற்சாலை இருக்கிறது. தோட்டத்து மக்கள் வாயில் தொழிற்சாலைக்குப் பெயர் இன்றும் 'இஸ்டோர்'.

இஸ்டோருக்குள் இருக்கும் இயந்திரங்கள் பொதுப் பாகம் என்ற கருத்தை விளக்க மிகப் பொருத்தமானவை. கொழுந்தை உருட்டும் ரோலரை எடுத்துக்கொள்வோம். அடியில் மேசை, அதன்மேல் பித்தளைப் பட்டிகளும் நடுவே கூம்பும், மேலே கொழுந்தை அடைக்கும் உருளை வடிவ ஜாக்கெட், அதற்கு மூடியாக அழுத்தத் தட்டு. ஜாக்கெட்டை வட்டமாகச் சுழற்றிக்கொண்டு போவது மூன்று கிராங்குகள். மேசை அசையாமல் ஜாக்கெட் மட்டும் சுழன்றால் அது ஒற்றை இயக்க ரோலர். இரண்டும் எதிரெதிராகச் சுழன்றால் இரட்டை இயக்க ரோலர். அளவைச் சொல்வது ஜாக்கெட்டின் விட்டத்தை வைத்து, அதுவும் இன்றுவரை அங்குலத்தில்: 36, 44, 47. ஒரு ரோலருக்குள்ளேயே ஒரே கிராங்க் புஷ் மூன்று இடத்தில் வருகிறது. வரிசையில் ஐந்து ரோலர்கள் நின்றால், அளவு வேறாக இருந்தாலும் பெயாரிங், கப்பி, திருகு போன்றவை பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும். அதே பெயாரிங், உருட்டிய கொழுந்தின் கட்டிகளை உடைக்கும் பக்கத்து ரோல் பிரேக்கரிலும் இருக்கலாம். உலர்த்தியின் விசிறித் தண்டிலும் இருக்கலாம்.

இவற்றில் பல, பிரித்தானியத் தயாரிப்புகளின் வழிவந்தவை. வில்லியம் ஜாக்சன் 1870களில் அசாமில் வடிவமைத்த ரோலர்களைக் கெயின்ஸ்பரோவின் மார்ஷல் நிறுவனம் செய்தது. சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ட்டில் சிரோக்கோ உலர்த்திகளைச் செய்தார். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், ஒரே கம்பனியின் கீழ்ப் பல தொழிற்சாலைகள் வந்தன. ஒரு தொழிற்சாலைக்காக அளந்து வரைந்த பாகம் அடுத்த தொழிற்சாலைக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுவது இங்கேதான்.

அசெம்பிளியில் இருப்பது விலாசம்

புதிதாகக் கேட் பழகுகிறவர்கள் அசெம்பிளி கோப்புக்குள் பாகங்கள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே நினைக்கிறார்கள். அப்படியில்லை. சொலிட்வேர்க்ஸ், இன்வென்டர் போன்ற மென்பொருட்களில் அசெம்பிளி, ஒவ்வொரு பாகக் கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும், எந்த நிலையில் பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் குறித்து வைக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விலாசத்துக்குப் போய்ப் பாகத்தை அழைத்து வருகிறது. பாகக் கோப்பை விண்டோஸில் வேறு கோப்புறைக்கு இழுத்துப் போட்டாலோ பெயரை மாற்றினாலோ விலாசம் பொய்யாகிவிடும். அசெம்பிளி 'கோப்பைக் காணோம்' என்று நிற்கும்.

தோட்டத்து வாசகருக்கு இதை விளங்கவைப்பது சுலபம். லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லாததால், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து கைமாறிப் போன காலத்தை அவர்கள் அறிவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் நேர்முகத் தேர்வுக் கடிதம் யார் கைக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். கேட் மென்பொருளும் அப்படித்தான் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் கோப்பு காணாமல் போவதைவிட இது ஆபத்தானது. சொலிட்வேர்க்ஸ் ஒரு பாகத்தைத் தேடும்போது, அதே பெயரில் ஏதேனும் கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறது. இருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறது. '44 அங்குல ரோலர்' கோப்புறையில் 'புஷ்' என்று ஒரு கோப்பு, '36 அங்குல ரோலர்' கோப்புறையில் 'புஷ்' என்று இன்னொன்று. முதலாவதைத் திறந்து வைத்துக்கொண்டே 36 அங்குல ரோலரின் அசெம்பிளியைத் திறந்தால், அதில் பெரிய புஷ் வந்து உட்கார்ந்துவிடும். அப்படியே சேமித்தால் விலாசமும் மாறிவிடும். காணாமல் போன கோப்பு கூச்சலிடும். தவறான கோப்பு வாய் திறக்காது. லேத்தில் பித்தளை வீணான பிறகே தெரியவரும்.

கிரியோ (முன்னாள் புரோ-எஞ்ஜினியர்) இன்னும் ஒருபடி மேலே போய், இடத்தைக் குறிப்பதேயில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, திறந்திருப்பவற்றிலும் சொல்லிவைத்த கோப்புறைகளிலும் தேடுகிறது. ஆகவே எந்த மென்பொருளானாலும் அடிப்படை விதி ஒன்றே: முழுச் சேமிப்பிலும் ஒரு பெயர் ஒரு முறைதான் வர வேண்டும்.

முன்வரலாறு

ஒரு மூலம், பல பிரதிபலிப்புகள் என்ற எண்ணம் கணினி வரைவோடு கூடவே பிறந்தது. ஐவன் சதர்லண்ட் 1963இல் எம்ஐடியில் தம் முனைவர் ஆய்வாகச் செய்த ஸ்கெட்ச்பேட், ஒரு மூல வரைபடத்தை வைத்து அதன் நிகழ்வுகளைப் பல இடங்களில் இடவும், மூலத்தைத் திருத்தினால் எல்லாம் திருந்தவும் வழி செய்தது. 1988இல் வெளிவந்த புரோ-எஞ்ஜினியர் அளவுகளை மாற்றினால் உருவமே மாறும் முறையைப் பரவலாக்கியது. 1995இல் சொலிட்வேர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தபோதுதான் சிறு பட்டறைகளுக்கு இந்த வசதியும் இதன் தலைவலியும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

காகிதக் காலத்தில் தலைவலி குறைவு. மூல வரைபடம் இழுப்பறையில் ஒன்றுதான் இருக்கும். வார்ப்பிரும்புப் பாகத்தின் மேலேயே அதன் எண் புடைத்து நிற்கும். எண்ணைச் சொன்னால் பாகம் வரும். கணினி, பிரதி எடுப்பதை ஒரு சொடுக்கு வேலையாக்கி அந்த ஒழுங்கைக் கெடுத்துவிட்டது.

பெயரும் எண்ணும்

பாகத்துக்குப் பெயரிடுவதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, எண்ணைப் பார்த்தாலே பாகம் என்னவென்று தெரிய வேண்டும் என்கிறது. இதன் வெற்றிகரமான உதாரணம் பெயாரிங். 6205 என்றால் யார் தயாரித்தாலும் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15. 6206 என்றால் 30, 62, 16. பதுளையில் கேட்டாலும் கோயம்புத்தூரில் கேட்டாலும் அதே அளவுதான். மற்றக் கட்சி, எண்ணுக்கு அர்த்தமே வேண்டாம், வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனால் போதும், விளக்கம் பதிவேட்டில் இருக்கட்டும் என்கிறது.

சிறு பட்டறைக்கு இரண்டாவது கட்சியே நல்லது. '44ரோலர்-கிராங்க்-புஷ்' என்று பெயர் வைத்த பாகம் நாளை 47 அங்குல ரோலரிலும் பொருந்தும்போது அந்தப் பெயர் பொய் சொல்லத் தொடங்கும். பெயரை மாற்றினால் விலாசம் உடையும். மாற்றாவிட்டால் ஆள் குழம்புவார். இயந்திரத்தின் பெயரைப் பாகத்தின் பெயருக்குள் நுழைப்பதே இந்தத் துறையின் மூலப் பிழை. தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) இதைவிடத் தெளிவானது: ஒருவர் இன்று 7ஆம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பார், நாளை 12ஆம் நம்பரில் புல் வெட்டுவார்; செக்ரோலில் அவருக்கு ஒரே எண்தான். மலையின் எண்ணை யாரும் ஆளின் எண்ணோடு ஒட்டுவதில்லை.

நடைமுறையில் இரண்டும் கலந்த வடிவம் பயன்படுகிறது. முன்னால் அர்த்தமற்ற எண், பின்னால் சிறு விளக்கம்: '100347 புஷ் கன்மெட்டல்'. சந்தையில் வாங்கும் பாகங்களுக்கு மட்டும் தயாரிப்பாளரின் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பெயாரிங் 6205ஐ 100512 என்று மறுபடியும் ஞானஸ்நானம் செய்வதில் பயனில்லை. ஆனால் மூடியுள்ளதும் மூடியில்லாததும் வேறு பாகங்கள் என்பதை மறக்கக் கூடாது: இரு புறமும் ரப்பர் மூடியுள்ள 6205-2ஆர்எஸ் தனிக் கோப்பு.

திருகுகளில்தான் ஊவாவின் பழைய இயந்திரங்கள் மிகவும் சோதிக்கின்றன. ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்த திருகு அளவை பிரித்தானிய இயந்திரங்களோடு மலைக்கு ஏறியது. விட்வர்த் அரை அங்குலப் போல்ட்டின் விட்டம் 12.7 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 12 புரி, புரியின் கோணம் 55 பாகை. இப்போது கடையில் கிடைக்கும் எம்12 போல்ட்டின் விட்டம் 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.75, கோணம் 60 பாகை. அமெரிக்க அரை அங்குலத்துக்கோ அங்குலத்துக்கு 13 புரி. திரையில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஏனெனில் பெரும்பாலானோர் புரியை வரைவதேயில்லை, வழவழப்பான தண்டாக விட்டுவிடுகிறார்கள். ஆகவே திருகுக் கோப்பின் பெயரில் அளவை முறை கட்டாயம் இருக்க வேண்டும். 'அரை அங்குலப் போல்ட்' என்று மட்டும் பெயரிட்ட கோப்பு எத்தனை அசெம்பிளியில் பரவியிருக்கிறதோ, அத்தனை இடத்திலும் ஸ்பானரோடு நிற்பவர் ஒருவர் ஏமாறுவார்.

கோப்புறை அமைப்பு

கோப்புறைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பொதுப் பாகங்களுக்கு ஒன்று, வாங்கும் பாகங்களுக்கு ஒன்று, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒன்று, பழையவற்றுக்கு ஒன்று. ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே உரிய பாகம் அதன் கோப்புறையிலேயே இருக்கலாம். இரண்டாவது இயந்திரம் அதைக் கேட்கும் நாளில் அது பொதுக் கோப்புறைக்கு இடம்பெயர வேண்டும். பிரதி எடுக்கக் கூடாது. இந்த இடப்பெயர்ச்சியே தொல்லை என்று கருதும் சிலர், எல்லாப் பாகங்களையும் தொடக்கத்திலிருந்தே ஒரே தட்டைக் கோப்புறையில் எண்வரிசையில் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் எதையும் நகர்த்த வேண்டிய தேவையே வராது என்பதால், சில ஆயிரம் கோப்புகள் வரை இது நன்றாகவே ஓடுகிறது.

ஆழமான கோப்புறைகளுக்கு எதிரான இன்னொரு காரணம் விண்டோஸின் பழைய வரம்பு: கோப்பின் முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'தோட்டம், தொழிற்சாலை, பிரிவு, இயந்திரம், ஆண்டு, இறுதி, இறுதி இரண்டு' என்று அடுக்கிக்கொண்டு போனால் வரம்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வரும். அத்துடன், பகிர்ந்த வன்தட்டுக்கு எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். ஒருவரிடம் அது இசட், மற்றவரிடம் ஒய் என்றால் விலாசங்கள் இரண்டாகும்.

பொதுக் கோப்புறைகளை எழுதவிடாமல் பூட்டி, வாசிக்க மட்டும் அனுமதிப்பது மிகச் சிறந்த காவல். இன்வென்டரில் திட்டக் கோப்பில் 'நூலகம்' என்று குறித்த பாதைகளை மென்பொருளே வாசிப்புக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. மற்றவற்றில் விண்டோஸ் அனுமதிகளால் அதையே செய்யலாம். திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

மென்பொருளோடு வரும் ஆயத்தத் திருகு நூலகம் தனிக் கதை. சொலிட்வேர்க்ஸின் டூல்பாக்ஸ் இயல்பாக அந்தந்தக் கணினியின் சொந்த வன்தட்டிலேயே தங்கும். ஒரே கோப்புக்குள் பல அளவுகளை வைத்துக்கொள்ளும். ஒருவர் உருவாக்கிய அளவு மற்றவரின் கோப்பில் இல்லாவிட்டால் மென்பொருள் வேறோர் அளவைக் காட்டிவிடும். மெல்லிய தகட்டில் தோள் பருமனுக்கு ஒரு போல்ட் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உலகெங்கும் உண்டு. நூலகத்தைப் பகிர்ந்த இடத்துக்கு மாற்றி எல்லாக் கணினியையும் அங்கே திருப்பிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

மாற்றமும் புதிய எண்ணும்

பொதுப் பாகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றே: ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். 44 அங்குல ரோலரின் தண்டு தேய்ந்துவிட்டது, கடைந்து சிறிதாக்கியாயிற்று. ஆகவே கிராங்க் புஷ்ஷின் உள்விட்டத்தை ஒரு மில்லிமீற்றர் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கோப்பைத் திறந்து அளவை மாற்றிச் சேமித்தால், தண்டு தேயாத மற்ற நான்கு ரோலர்களின் வரைபடங்களும் அதே கணத்தில் பிழையாகிவிடும். யாரும் அவற்றைத் திறக்காதவரை பிழை தெரியாது.

இதற்குத் தொழில் உலகில் நெடுங்காலமாக உள்ள சோதனை ஒன்று: பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் ஒரே பெட்டியில் கலந்து போட்டால் எடுப்பவருக்கு வித்தியாசம் முக்கியமா? உருவம், பொருத்தம், செயல் மூன்றிலும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்குமானால் அது திருத்தம். எண் அப்படியே இருக்கும், திருத்த எழுத்து மட்டும் மாறும். நிற்காவிட்டால் புதிய எண், புதிய கோப்பு. எழுத்துப் பிழையைத் திருத்துவது முதல் வகை. உள்விட்டம் மாறுவது ஐயமின்றி இரண்டாவது வகை. திருத்த எழுத்துகளில் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தரம் ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளைத் தவிர்க்கிறது. ஐ என்பது 1 ஆகவும் ஓ என்பது சுழியமாகவும் தெரியும் அபாயம்தான் காரணம்.

திருத்த எழுத்தைக் கோப்புப் பெயரில் சேர்க்கக் கூடாது. '100347 பி' என்று புதுப் பெயரில் சேமித்தால் பழைய அசெம்பிளிகள் 'ஏ'யையே பிடித்துக்கொண்டிருக்கும். எழுத்து வரைபடத்தின் தலைப்புப் பெட்டியிலும் கோப்பின் உள்விவரத்திலும் இருக்கட்டும். பழைய நிலையை ஒரு பிடிஎஃப்பாகவும் வேறு பெயரிட்ட பிரதியாகவும் 'பழையவை' கோப்புறைக்கு அனுப்பலாம்.

இங்கே ஒரு மறைந்த குழி உண்டு. அசெம்பிளிக்குள் நின்றபடியே ஒரு பாகத்தை வரையும்போது, பக்கத்துப் பாகத்தின் விளிம்பைத் தொட்டு அளவெடுத்தால், மென்பொருள் அந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பாகம் நீண்டால் இதுவும் நீளும். ஒரே இயந்திரத்துக்குள் இது அற்புதமான வசதி. அதே பாகம் வேறோர் இயந்திரத்திலும் இருந்தால், 44 அங்குல ரோலரில் மேசையை மாற்றியதற்காக ரோல் பிரேக்கரில் ஒரு தாங்கி நீளும். சொலிட்வேர்க்ஸ் இத்தகைய பாகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி காட்டும். பொதுக் கோப்புறைக்குள் நுழையும் எந்தப் பாகத்திலும் அந்த அம்பு இருக்கக் கூடாது. உறவை முறித்து, அளவுகளை எண்களாக இட்டபின்பே உள்ளே விட வேண்டும்.

பதிவேடு

தரவு முகாமைத்துவ மென்பொருள் தரும் மிகப் பெரிய உதவி 'இந்தப் பாகம் எங்கெங்கே பயன்படுகிறது?' என்ற கேள்விக்கு விடை. அசெம்பிளிக்குத் தன் பாகங்கள் தெரியும்; பாகத்துக்குத் தன் அசெம்பிளிகள் தெரியாது. மென்பொருள் இல்லாத இடத்தில் இதை எக்செல் பதிவேடு ஈடு செய்கிறது. எண், விளக்கம், உலோகம், திருத்த எழுத்து, பயன்படும் இயந்திரங்கள், கடைசியாகத் தொட்டவர், திகதி ஆகியவை போதும். புதிய எண்ணை எடுப்பவர் முதலில் பதிவேட்டில் வரி எழுதிவிட்டே கோப்பை உருவாக்க வேண்டும்; வரிசை தலைகீழானால் ஒரே எண்ணை இருவர் எடுத்துவிடுவர். பத்துப் பத்தாக எண்களை ஆளுக்கு ஒதுக்கிவிடுவதும் உண்டு.

பதிவேட்டை அரைமனதோடு வைப்பது, வைக்காததைவிட மோசம். பொய்யான பதிவேட்டை ஆட்கள் நம்புவார்கள்.

பெயர் மாற்றமும் இடமாற்றமும்

தவிர்க்க முடியாமல் பெயரை மாற்ற நேர்ந்தால் அதற்கென்று உள்ள கருவியையே பயன்படுத்த வேண்டும். சொலிட்வேர்க்ஸ் உள்ள கணினியில் கோப்பின்மேல் வலது சொடுக்கில் வரும் அதன் சொந்தப் பெயர்மாற்றக் கட்டளை, அந்தக் கோப்பைப் பயன்படுத்தும் அசெம்பிளிகளின் விலாசத்தையும் சேர்த்துத் திருத்தும். இன்வென்டரில் டிசைன் அசிஸ்டன்ட் இதைச் செய்கிறது. வெளியே ஒரு பட்டறைக்கு முழு இயந்திரத்தையும் அனுப்பும்போது 'பேக் அண்ட் கோ' எல்லாப் பாகங்களையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும். திரும்பி வரும் பொதியை அப்படியே பொதுக் கோப்புறையின்மேல் கொட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. வந்ததில் எது மாறியது என்று பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

இருவர், ஒரு கோப்பு

ஒரே உள்வலையமைப்பில் இருவர் வேலை செய்தால், முதலில் திறந்தவருக்கே எழுதும் உரிமை. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் சேவைகளில் இந்தப் பூட்டு நம்பகமாக இல்லை. இருவரும் சேமித்தால் 'முரண்பட்ட பிரதி' என்று இன்னொரு கோப்பு முளைக்கும். ஒரு பெயர் ஒரு முறை என்ற விதி அங்கேயே செத்துவிடும். மலைப்பகுதியில் இணையம் விட்டுவிட்டு வரும்போது இது இன்னும் கூடும். பணம் செலவழிக்காமல் நடுவழி தேடுவோருக்குச் சப்வெர்ஷன் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் 'பூட்டு தேவை' என்று குறித்த கோப்பு, பூட்டு எடுக்கும்வரை வாசிப்புக்கு மட்டுமே திறக்கும். மென்பொருள் எழுதுவோருக்காகப் பிறந்தது என்றாலும் கேட் கோப்புகளுக்கும் பயன்படுகிறது.

பிரதிக் காப்பு பற்றிச் சுருக்கமாக: ஒரு பிரதி அதே கட்டடத்தில், இன்னொன்று வேறு ஊரில். கொஸ்லந்தப் பகுதியில் இரண்டாவதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமின்னல் கணினிகளுக்குப் பகை. மழையோ அதைவிடக் கொடியது: 2014 ஒக்டோபர் 29 காலையில் இப்பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இறங்கி லயங்களை ஆட்களோடு மூடியது. காகிதத்தையும் வன்தட்டையும் பற்றிப் பேச அந்த நாள் பொருத்தமானதில்லை. ஆயினும் அதே மலைச்சாரலில் அலுவலகம் வைத்திருப்பவர் இரண்டாம் பிரதியை அதே சாரலில் வைக்க மாட்டார்.

எல்லை

இந்தக் கைமுறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது கோப்புகளின் எண்ணிக்கையைவிட ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருவர் மட்டும் வரையும் இடத்தில் பல ஆண்டுகள் ஓடும். மூன்று பேர் ஒரே அறையில் இருந்தால், 'நான் 100347ஐத் திறக்கிறேன்' என்று வாயால் சொன்னாலே போதும். நான்காவது ஆள் வேறு ஊரிலிருந்து வரையத் தொடங்கும் நாளில் மென்பொருளின் விலையை விசாரிக்கலாம்.

மென்பொருள் வாங்கிவிட்டால் ஒழுங்கு தானாக வந்துவிடும் என்றும் இல்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மின்கம்பித் தொகுதிகள் 2006இல் தூலூஸில் பொருந்தாமல் போனதற்கு முக்கியமான காரணம், ஹம்பர்க்கிலும் தூலூஸிலும் கட்டியா மென்பொருளின் வேறு வேறு தலைமுறைகளைப் பயன்படுத்தியது. உலகின் மிகப் பெரிய வடிவமைப்பு நிறுவனங்களில் ஒன்றில், ஒரே விமானத்தின் இரண்டு விவரிப்புகள் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. கம்பிகள் கையால் மறுபடி இழுக்கப்பட்டன. முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்குப் போனது.